பூசம் என்று அச்சான ஆயில்யம்

1. பத்துக்கு ஒன்பது

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு கல்யாணத்தைப் பாதி முடித்துவைத்த பெருமை எனக்கு உண்டு. உண்மையில் முடித்துவைத்தது நானில்லை, சி ப்ளஸ் ப்ளஸ் என்கிற கம்ப்யூட்டர் பாஷை.

பம்பாய் மாட்டுங்காவில் பூக்கடைகளுக்கு மேலே மரப்படி ஏறிப் போனால் எங்கள் ஆபீஸ். திருமணத் தகவல் மையம். முதலாளி துரைராஜ் அண்ணாச்சி எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருந்தவர். மூத்த பெண்ணுக்குச் சீர்ப் பாத்திரம் வாங்க வருகிறவர்கள் எல்லாம் இளையவளுக்கு வரன் கேட்கிறார்கள் என்று கண்டதும், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வரன் வியாபாரத்துக்கு வந்துவிட்டார். நான் தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக்காரி. அந்தேரியில் பெரிய கம்பெனியில் கோட் எழுதி, தினம் லோக்கல் ட்ரெயினில் நசுங்கி, போதும்டா சாமி என்று வீட்டுக்குப் பக்கத்தில் வேலை தேடி இங்கே வந்தேன்.

எனக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் ப்ரோக்ராம் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு பெண்ணின் விவரமெல்லாம் ஒரே பக்கத்தில் அச்சாகி மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். அன்று காலை ஒரு மாப்பிள்ளையின் அப்பா போன் பண்ணி, ரொம்ப சந்தோஷம், தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றார். ஜாதகம் பார்த்தாச்சா என்று அண்ணாச்சி கேட்டிருக்கிறார். பார்க்க என்ன இருக்கிறது, பத்துக்கு ஒன்பது என்று நீங்களே அடித்து அனுப்பியிருக்கிறீர்களே என்றாராம் அவர்.

பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். "நட்சத்திரம்: 9" என்று இருந்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எனம் என்று ஒன்று உண்டு. பெயர்களை வரிசையாக வைப்பது. அஸ்வினி, பரணி, கார்த்திகை என்று இருபத்தேழையும் எழுதிவிட்டால், கோடில் நாம் பெயரைச் சொல்லியே வேலை வாங்கலாம். ஆனால் உள்ளே பெயர் எதுவும் கிடையாது, எண்தான். எண்ணுவதும் ஸீரோவிலிருந்து. அஸ்வினி ஸீரோ, ஆயில்யம் எட்டு, மகம் ஒன்பது. அச்சடி என்றால் அந்த எண்ணைத்தான் அடிக்கும். பெயர் வேண்டுமென்றால் நாம்தான் தனியாகப் பெயர்ப் பட்டியல் எழுதி, இந்த எண்ணுக்கு இந்தப் பெயர் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். புண்ணியவான் அதைச் செய்யவில்லை.

அண்ணாச்சியிடம் விளக்கினேன். இத்தனை விலை கொடுத்து வாங்கின சாமானுக்கு மகம் என்று சொல்லத் தெரியாதா, என் பாத்திரக்கடைப் பையன் சொல்வானே என்று அங்கலாய்த்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயத்தைச் சொன்னோம். ஒன்பது மார்க் இல்லை என்றதும் அவர்கள் ஜோசியரிடம் ஓடினார்கள். அவர் ஆறு பொருத்தம் என்றார். அவ்வளவுதான், வரன் கைவிட்டுப் போயிற்று. பையன் அதே பையன், பெண் அதே பெண், மாறியது எண் மட்டும்தான்.

அன்றைக்கே பெயர்ப் பட்டியல் எழுதிச் சேர்த்தேன். எனமுக்கு மேலே தமிழில் ஒரு குறிப்பும் எழுதினேன்: "இந்த வரிசையில் கை வைக்காதே. புதிதாகச் சேர்ப்பதென்றால் கடைசியில் சேர்." ஏற்கெனவே பதிவாகியிருக்கிற எல்லாருடைய நட்சத்திரமும் எண்ணாகத்தான் டேட்டாபேஸில் கிடக்கிறது. நடுவில் ஒருத்தரை நுழைத்தால் பின்னால் இருக்கிறவர்கள் எல்லாரும் நகர்ந்துவிடுவார்கள். அந்தக் குறிப்பை நம்பித்தான் நான் பல வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன்.

2. ஸீரோவுக்கு வந்த புது ஆள்

அண்ணாச்சிக்குத் திடீரென்று பரந்த மனசு வந்தது. தாராவியிலும் சீத்தா கேம்ப்பிலும் நம்மூர்க் கிறிஸ்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பையன் பெண் இருக்கிறதில்லையா என்றார். சேர்த்தோம். ஆனால் ஸ்க்ரீனில் நட்சத்திரத்தை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. எதையும் தொடாவிட்டால் முதலில் இருக்கிற அஸ்வினியே பதிவாகும். இப்படியாக எங்கள் ஆபீஸில் ஞானஸ்நானம் வாங்கிய ஸ்டீபன்கள் அத்தனை பேரும் அஸ்வினி நட்சத்திரத்தில் பிறந்தார்கள். ஒரு போதகர் நேரில் வந்து அண்ணாச்சியைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

சரிபண்ணும் வேலை ஜெபினுக்குப் போயிற்று. ஜெபின் சீத்தா கேம்ப் பையன், கெட்டிக்காரன். நன்றாகத் தமிழ் பேசுவான், ஆனால் ஒரு எழுத்துப் படிக்க வராது. நான் சான்பாடாவில் அக்கா வீட்டு விசேஷத்துக்காக லீவில் இருந்தேன். அவன் எனமின் தலையிலேயே "பொருந்தாது" என்று ஒரு புது ஆளை உட்காரவைத்தான். இல்லை என்பதற்கு ஸீரோதானே மேம் பொருத்தம், அதுதான் க்ளீன் கோட் என்று பிறகு எனக்கு வகுப்பெடுத்தான். பெயர்ப் பட்டியலிலும் தமிழ் தெரிந்த யாரையோ கேட்டு அதே இடத்தில் சேர்த்துவிட்டான். ஸீரோவில் கிடந்த ஸ்டீபன்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் "பொருந்தாது" என்று சரியாக அச்சானது. அண்ணாச்சி அவனுக்கு மசால் தோசை வாங்கிக்கொடுத்தார்.

டெஸ்ட் பண்ணியது சுகந்தி. எங்கள் ஆபீஸில் போன் எடுப்பது, டேட்டா என்ட்ரி, டெஸ்டிங் எல்லாம் அவள்தான். முப்பது வயதைத் தாண்டியிருந்தாள். ஊருக்கெல்லாம் வரன் அனுப்புகிறவளுக்கு வரன் அமையவில்லை, ஏனென்றால் ஆயில்யம். ஆயில்யத்துப் பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். மாமியாருக்கு ஆகிற மருமகளை எந்த நட்சத்திரத்தில் கண்டார்களோ, எனக்குத் தெரியாது. வருவார்கள், அவள் போட்ட காபியைக் குடிப்பார்கள், நட்சத்திரம் கேட்பார்கள், பையனின் அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிடுவாள். இதைப் பார்த்துப் பரிதாபப்பட்ட அண்ணாச்சி என்ன செய்தார் தெரியுமா? தேடுகிற இடத்தில் "அம்மா இல்லாத பையன்" என்று ஒரு ஃபில்டர் போடச் சொன்னார். தலையில் அடித்துக்கொண்டு எழுதிக்கொடுத்தேன். தாய் செத்த பையன்களைக் கம்ப்யூட்டரில் தேடித்தான் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்றிருந்தது.

நான் லீவிலிருந்து வந்து கொஞ்ச நாளில் சுகந்தி மைசூர்பாகு டப்பாவோடு நின்றாள். வரன் அமைந்துவிட்டது. தாராவியில் இட்லி மாவு அரைத்து விற்கிற பேச்சியம்மாளின் மூத்த மகன், ஏசி மெக்கானிக். வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயம். பேச்சியம்மாளை எனக்குப் பார்த்த பழக்கம் உண்டு. மாமியார் இல்லாத வீடு இல்லை அது. நாலு தெருவுக்குக் கேட்கிற குரலோடு மாமியார் இருக்கிற வீடு. ஆச்சரியமாகத்தான் இருந்தது. நல்லது நடக்கும்போது குடைந்து கேட்பானேன் என்று இன்னொரு துண்டு மைசூர்பாகு எடுத்துக்கொண்டேன்.

3. சிம்மத்தில் ஆயில்யம்

அந்த வாரத் தொடக்கத்திலேயே சுந்தரேசன் படியேறி வந்தார். மாட்டுங்காக்காரர், பாங்கில் ஆபீசராக இருந்து ரிடையரானவர். கையில் நாங்கள் அச்சடித்து அனுப்பிய பக்கம். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பேப்பரை என் மேஜையில் வைத்து விரலால் தட்டினார்.

"எம் பொண்ணு மகம். நீங்க ஆயில்யம்னு அடிச்சு ஊர் பூரா அனுப்பியிருக்கேள். சிம்ம ராசியில ஆயில்யம் எங்கேர்ந்து வந்தது? மூணு எடம் தட்டிப்போயிடுத்து. காரணம் கூட சொல்லாம போனை வச்சுட்டா. குழந்தை நாலு நாளா சாப்பிடலை."

மனுஷர் சொன்னது சரி. மகம் சிம்ம ராசி, ஆயில்யம் கடக ராசி. நாங்கள் ராசியைத் தனியாக வைத்திருந்ததால் அது சரியாக வந்து, நட்சத்திரம் மட்டும் ஒரு படி பின்னால் போயிருந்தது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு அஸ்வினிப் பையனின் அம்மா போனில் வந்து, நட்சத்திரம் பொருந்தாது என்று போட்டிருக்கிறதே, எங்காத்துப் பிள்ளையை எப்போது மதம் மாற்றினீர்கள் என்று கேட்டாள்.

கோடைத் திறந்ததும் புரிந்துவிட்டது. ஸீரோவில் புது ஆள் உட்கார்ந்ததும் எல்லாரும் ஒரு படி தள்ளிப்போயிருக்கிறார்கள். பழைய டேட்டாவில் மகம் ஒன்பதாகவே கிடக்கிறது. புது வரிசையில் ஒன்பது ஆயில்யம். ஜெபினைக் கூப்பிட்டேன். எல்லா டெஸ்டும் பாஸ் ஹோ கயா மேம் என்றான். ஆகும், ஏன் ஆகாது? புதிதாகப் பதிந்தால் புது எண்ணில் ஏறி, புது எண்ணிலேயே சரியாக அச்சாகும். வருஷக்கணக்காகக் காத்திருக்கிற பழைய ஆட்களுக்குத்தான் கேடு.

என் குறிப்பைக் காட்டி, இதைப் படிக்கவில்லையா என்று கேட்டேன்.

"தமிழ்ல இருந்திச்சு மேம். மேல எழுதியிருந்துச்சா, ஏதோ சாமி பேருன்னு நெனச்சேன்."

பம்பாயில் பிறந்த பிள்ளைக்குத் தமிழில் குறிப்பு எழுதினது என் தப்பாம், அண்ணாச்சி சொன்னார். தமிழ்க் கல்யாணத்துக்கு ப்ரோக்ராம் எழுதுகிறவனுக்குத் தமிழ் படிக்கத் தெரிய வேண்டாமா என்று நான் கேட்டேன். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

அப்புறம்தான் எனக்குப் பொறி தட்டியது. மகம் ஒரு படி இறங்கி ஆயில்யம் ஆனால், ஆயில்யம் என்னவாகும்? பூசம். எந்த மாமியாரையும் ஒன்றும் செய்யாத பூசம். சுகந்தியின் பக்கத்தை எடுத்தேன். "ராசி: கடகம். நட்சத்திரம்: பூசம்." இரண்டு நட்சத்திரமும் ஒரே ராசி. சுந்தரேசன் மாதிரி யாரும் வந்து விரலால் தட்ட வழியே இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். சுகந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டெஸ்ட் பண்ணியவள் அவள். தன் பேரைத் தேடிப் பார்க்காமலா இருந்திருப்பாள்?

"தெரியும்க்கா," என்றாள். "முதல் நாளே பாத்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உனக்கு வந்த பூசம் இன்னொருத்தி தலையில் ஆயில்யமாக விழுந்திருக்கிறது, அதுவும் தெரியுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். அழவில்லை, சாக்குச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வரை மட்டும் பொறுக்க முடியுமா என்று கேட்டாள். உள்ளறையில் அண்ணாச்சி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்: உடனே சரிபண்ண வேண்டும், தப்பாகப் போன பக்கம் எந்தெந்த வீட்டுக்குப் போயிருக்கிறதோ அத்தனை வீட்டுக்கும் சரியான பக்கம் வாட்ஸப்பில் போக வேண்டும். அந்த வரிசையில் மாவுக்கடை பேச்சியம்மாள் வீடும் உண்டு.

பழைய எண் எது, புது எண் எது என்று டேட்டாவில் பிரித்தெடுக்கவே ஒரு நாள் ஆகும். நாளைக் காலை அனுப்புகிறேன் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். சுகந்தியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சுனாபட்டியில் என் வீடு வரை டாக்ஸியில் போகும்போது வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். ஜெபினை, அண்ணாச்சியை, சுகந்தியை, இருபத்தேழு நட்சத்திரங்களையும் ஒன்று விடாமல்.

4. மாவுக்கடை அக்கா

மறுநாள் காலை ஆபீஸ் திறக்கும் முன்பே பேச்சியம்மாள் படியில் உட்கார்ந்திருந்தாள். சரி, வந்துவிட்டது சண்டை என்று நினைத்தேன். உள்ளே கூட்டிப்போய் ஃபேனைப் போட்டேன்.

"நீதான் கம்ப்யூட்டர் பாக்கவளா?" என்று ஆரம்பித்தாள். "அந்தப் புள்ள ராத்திரி முழுக்க அழுதிருக்கா. போன்ல சொன்னா. ஏம்மா, அவ ஆயில்யம்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

பெண் பார்க்கப் போன அன்றைக்கே சுகந்தி அவளை அடுப்படிக்குள் கூட்டிப்போய், பேப்பரில் இருப்பது தப்பு, நான் ஆயில்யம் என்று சொல்லிவிட்டாளாம். வாயை மூடிக்கொண்டு இரு, நிச்சயம் முடியட்டும் என்று சொன்னதே பேச்சியம்மாள்தானாம். காரணம் அவளுடைய நாத்தனார், தூத்துக்குடியில் இருக்கிறவள். அவள் தலையாட்டாமல் பேச்சியம்மாளின் புருஷன் துண்டைக்கூடத் தோளில் போடமாட்டாராம். அந்த நாத்தனார் பேப்பரில் பூசம் என்று படித்துவிட்டுத்தான் சரி என்றிருக்கிறாள்.

உங்களுக்குப் பயம் இல்லையா என்று கேட்டேன். மாமியாருக்குத்தானே ஆகாது என்கிறார்கள்.

"எனக்கு ரோகிணி. பத்துப் பொருத்தமும் பாத்துத்தான் கட்டிட்டு வந்தாவ. நான் வந்த ஆறாம் மாசம் எம்மாமியா போய்ச் சேந்துட்டா. அன்னைக்கு ஒருத்தராச்சும் ரோகிணியக் குத்தம் சொன்னாவளா? நல்ல புள்ளைய விட்டுட்டு நட்சத்திரத்தயா வச்சு நான் மாவு ஆட்டப் போறேன்?"

பிறகு சேலை முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள். எல்லாருக்கும் சரிபண்ணிக்கொள், எங்கள் வீட்டுக்கு மட்டும் அந்தப் பழைய தப்பையே ஒன்று அடித்துக் கொடு என்றாள். இத்தனை வருஷ சர்வீஸில் ப்ரோக்ராமில் தப்பு, அதாவது பக், இருக்கிறது என்று சண்டைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பக் வேண்டும் என்று கேட்டு வந்த கஸ்டமர் அவள் ஒருத்திதான்.

முடியாது என்றேன். அந்தத் தப்பினால் மாட்டுங்காவில் ஒரு பெண் சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று சொன்னேன். "அதுவும் பாவம்லா," என்றாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை, ஏதாவது செய் என்பதுபோல என் முகத்தையே பார்த்தாள்.

பொய்யாக அடிக்க முடியாது. ஆனால் அடிக்காமல் இருக்கலாமே. அது அப்போதுதான் எனக்குத் தோன்றியது. ஜெபின் தலையில் உட்காரவைத்த "பொருந்தாது"வைத் தூக்கிக் கடைசியில் போட்டேன். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் அதன் எண்ணைக் கையால் எழுதினேன், இனிமேல் யார் எங்கே நுழைந்தாலும் எவரும் நகரக் கூடாது என்று. "பொருந்தாது"வுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று சேர்த்தேன்: "தெரிவிக்க விரும்பவில்லை". யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், பொய் கிடையாது. அண்ணாச்சி முதலில் முறைத்தார். சட்டப்படி தப்பில்லை என்றதும் முறைப்பை விட்டார்.

மத்தியானத்துக்குள் சரியான பக்கங்கள் போய்விட்டன. சுந்தரேசன் வீட்டுக்கும், அவர் பெண்ணைத் தட்டிவிட்ட மூன்று வீட்டுக்கும், மகம் என்று பெரிய எழுத்தில், மன்னிப்போடு. தூத்துக்குடிக்கு, சுகந்தி கேட்டுக்கொண்டபடி, "நட்சத்திரம்: தெரிவிக்க விரும்பவில்லை" என்று.

நாத்தனார் உடனே பேச்சியம்மாளைக் கூப்பிட்டிருக்கிறாள். அந்தப் போன் எப்படிப் போயிற்று என்று பேச்சியம்மாளே பின்னால் எனக்கு நடித்துக்காட்டினாள். பூசம் என்று வந்ததே, அது என்ன ஆயிற்று என்று கேட்டாளாம். அது கம்ப்யூட்டர் தப்பு என்று இவள் சொன்னாளாம். உண்மைதானே. அப்படியானால் எது சரி என்று கேட்டாளாம். "பம்பாய்ல இப்ப நட்சத்திரத்த வெளிய சொல்றதில்ல மதினி, படிச்சவிய யாரும் சொல்றதில்ல, ஒங்களுக்குத் தெரியாததா," என்று இவள் சொன்னாளாம். அப்புறம், எனக்குத் தெரியும், சும்மாதான் கேட்டேன் என்றாளாம் நாத்தனார். வெள்ளிக்கிழமை நிச்சயம் நடந்தது. நானும் போய்ச் சாப்பிட்டேன்.

5. கடைசியில் சேர்

சுகந்தியை டெஸ்டிங்கிலிருந்து எடுத்துவிட்டேன். அதில் எனக்கு இரக்கம் கிடையாது. தன் பேர் சம்பந்தப்பட்டால் கண்ணை மூடிக்கொள்கிறவள் டெஸ்ட் பண்ணக் கூடாது. கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையும் வாங்கிக்கொடுத்தேன், அது வேறு கணக்கு. ஜெபின் இப்போது தமிழ் படிக்கிறான், எழுத்துக்கூட்டித்தான். என் குறிப்பை முழுசாகப் படித்துக் காட்டிவிட்டு, மேம், இங்கிலீஷிலும் ஒரு வரி எழுதியிருக்கலாமே என்றான். போடா என்றேன்.

சுந்தரேசன் பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்தது. சில மாதம் கழித்து அவர் மறுபடி படியேறி வந்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. இளைய பெண் மூலம் நட்சத்திரமாம். மாமனாருக்கு ஆகாது என்பார்கள் இல்லையா, அதனால் அந்தத் "தெரிவிக்க விரும்பவில்லை"யை இவளுக்குப் போடலாமா என்று கேட்டார். போட்டேன். சிம்மத்தில் ஆயில்யம் வராது என்று எனக்குப் பாடம் நடத்திய அதே விரல்தான் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டது. அண்ணாச்சி அதற்கு "ப்ரைவசி" என்று பேர் வைத்து போர்டில் எழுதி மாட்டினார், ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல.

இனி பிள்ளைகளுக்கு. எனமில் ஒவ்வொருவருக்கும் எண்ணைக் கையால் கொடுங்கள். புதியவரைக் கடைசியில் சேருங்கள். முடிந்தால் டேட்டாபேஸில் எண்ணே வேண்டாம், பெயரையே எழுதுங்கள், பெயர் நகராது. டெஸ்ட் பண்ணும்போது இன்றைக்குப் பதிந்ததை மட்டும் பார்க்காதீர்கள், ரொம்ப நாளாகக் காத்திருக்கிற பழைய ஆளை எடுத்து அச்சடித்துப் பாருங்கள். மெஷின் அடித்த பேப்பர் என்றால் ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள். ஒரு வரி தப்பினால் எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண் சாப்பிடாமல் படுத்துவிடுவாள், அது உங்கள் ஸ்க்ரீனில் தெரியாது.

பேச்சியம்மாள் ஆயில்யத்து மருமகளோடு இத்தனை வருஷமாகத் திடமாக இருக்கிறாள். கடையில் இரண்டாவது கிரைண்டர் போட்டாயிற்று, கல்லாவில் சுகந்தி. நான் ரிடையராவதற்கு முந்தின வாரம் பேச்சியம்மாள் போன் பண்ணினாள். இளைய மகனுக்குப் பெண் பார்க்கிறாளாம்.

"நட்சத்திரம் சொல்ல மாட்டேன்னு போட்டிருக்க பொண்ணுவள மட்டும் எடுத்து அனுப்பு. மத்தது எனக்கு வேண்டாம்."

ஏன் அக்கா என்று கேட்டேன். மூத்தவள் அப்படித்தானே வந்தாள் என்றாள்.

அப்படித் தேட எங்கள் ப்ரோக்ராமில் வழி இல்லை. உட்கார்ந்து எழுதினேன், அதுதான் நான் அங்கே எழுதிய கடைசி கோட். ஸ்க்ரீனில் ஃபில்டர் வைக்க இடம் போதவில்லை. "அம்மா இல்லாத பையன்" என்பதை அழித்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தேன். அது எங்கே போயிற்று என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.